வெள்ளிச் சாமான் அறையின் மணி

நாற்காலி வசதியாகத்தான் இருக்கிறது, சார்ஜென்ட். தேநீரில் பால் கொஞ்சம் கூடிவிட்டது, அவ்வளவுதான். மணியைப் பற்றிக் கேட்டீர்கள். அதிலிருந்தே தொடங்குகிறேன், அது புரிந்தால் மற்றது தானாகப் புரிந்துவிடும்.

விதர்லீ மாளிகைக்கு மின்சாரம் வருவதற்கு முன்பே போட்ட மணிகள் அவை. அறையில் கயிற்றை இழுத்தால் சுவருக்குள் ஓடும் செப்புக் கம்பி இழுபடும். சுவர் திரும்பும் இடமெல்லாம் ஒரு சின்னப் பித்தளை முக்கோணம் கம்பியையும் திருப்பிவிடும். கடைசியில், கீழே வேலைக்காரர் நடையில், பலகையில் வரிசையாகத் தொங்கும் மணிகளில் ஒன்று அடிக்கும். ஒவ்வொரு மணிக்கும் கீழே ஊசல்போலத் தொங்கும் ஒரு சிறு குண்டு உண்டு. சத்தம் நின்ற பிறகும் அது ஆடிக்கொண்டிருக்கும். கைவேலையாக இருந்தவள் தாமதமாக ஓடிவந்து பார்த்தாலும் எந்த அறை கூப்பிட்டது என்று தெரியவேண்டும் அல்லவா? யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள்.

நான் பாத்திரம் தேய்க்க வந்தபோது வீடு பிரபு குடும்பத்தினுடையது. வெள்ளித் தட்டும் கரண்டியும் வைக்கத் தனி அறை. சன்னல் கிடையாது, சுவரெல்லாம் இரும்புத் தகடு. கதவு தன் பாரத்திலேயே சாத்திப் பூட்டிக்கொள்ளும், வெளியிலிருந்து மட்டும்தான் திறக்கும். எப்போதோ ஒரு வேலையாள் உள்ளே மாட்டிக்கொண்டானாம். அதன் பிறகு அங்கேயும் மணிக்கயிறு வைத்தார்கள். போர் வந்து வீடு மருத்துவமனையானபோது அந்த அறையில் மார்ஃபின் இருந்தது. பெண்கள் பள்ளிக்கூடம் வந்தபோது தேர்வுத்தாள்கள். பள்ளிக்காரர்கள் மின்மணி போட்டுப் பழைய கம்பிகளை அறுத்தார்கள், இந்த ஒன்றைத் தவிர. அதற்கு எண்ணெய் போட்டுவந்தது நான்.

வீடு கைமாறும்போதெல்லாம் நான் கிளம்புவதாகத்தான் இருந்தேன். ஸ்கெக்னஸில், கடலைப் பார்த்தபடி என் தங்கை டோராவின் வீடு; அதில் எனக்கென்று ஓர் அறை. "எல்லாம் ஒழுங்காகற வரைக்கும் இரு, ஹெஸ்டர்" என்றார் பிரபுவின் மனைவி. தலைமை நர்ஸும் அதையே சொன்னார். தலைமையாசிரியையும் அதையே சொன்னார். சாவிக்கொத்தோடு அந்த வாக்கியத்தையும் ஒருவருக்கொருவர் கொடுத்துவிட்டுப் போனதுபோல.

கடைசியாக வாங்கியவர் மிஸ்டர் மேட்டக். கல்யாண விருந்துகளுக்கான ஹோட்டலாக்கப் போகிறார். நல்ல மனிதர், குறை சொல்ல ஒன்றுமில்லை. மணிப்பலகையைப் பார்த்ததும் அவருக்கு ஒரே குஷி.

"வர்றவங்க கயித்த இழுப்பாங்க, ஹெஸ்டர். நீங்க வெள்ளத் தொப்பியும் ஏப்ரனும் மாட்டிக்கிட்டு வந்து நிப்பீங்க. அதப் பாக்கவே கூட்டம் வரும்."

"சனிக்கிழமை பஸ்ஸுல தங்கச்சி வீட்டுக்குப் போறேன் சார். முன்னாடியே சொல்லியிருந்தேனே."

"அங்க போயி என்ன பண்ணுவீங்க, அலைய எண்ணிக்கிட்டு உக்காந்திருப்பீங்களா? குழா, கதவு, ஹெஸ்டர்னு எல்லாத்தையும் சேத்துத்தானே வாங்கியிருக்கேன்."

சிரித்தார். நானும் சிரித்தேன். பழக்கம்.

வியாழக்கிழமை மத்தியானம் மணியைச் சோதிக்க வேண்டும் என்றார். அவருடைய ஆட்கள் திங்கட்கிழமைதான் வருவார்கள். வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். "நான் உள்ள போயி இழுக்கறேன், நீங்க கீழ நின்னு அடிக்குதான்னு பாருங்க" என்றார். வெள்ளிச் சாமான் அறைக்குள் போனார். கதவு சாத்திக்கொண்டது. நான் கீழே போய் நின்றேன்.

மணி அருமையாக அடித்தது. முதலில் விளையாட்டாக இரண்டு முறை. பிறகு நீளமாக, விடாமல். நான் ஒரு நாற்காலியைப் பலகைக்குக் கீழே இழுத்துப் போட்டு, ரொட்டியும் சீஸும் சாப்பிட்டேன். மணி அடித்தால் எழுந்து போயே பழகியவள் நான். யாரும் போகாவிட்டால் அந்தக் குண்டு எப்படி நிற்கிறது என்பதை அதுவரை முழுதாகப் பார்த்ததே இல்லை. வீச்சு குறையும், பிறகு நடுங்கும், பிறகு எப்போது நின்றது என்று சொல்லவே முடியாது. வெள்ளிக்கிழமை, ஓர் அழைப்புக்கும் அடுத்ததற்கும் இடைவெளி கூடிக்கொண்டே போனது. திங்கட்கிழமை ஆட்கள் வந்தபோது நானேதான் அந்தக் கதவைக் காட்டினேன்.

கதவு தற்செயலாகச் சாத்திக்கொண்டதா என்கிறீர்கள். அதைத் திறந்தபடி நிறுத்த ஒரு மர ஆப்பு உண்டு. என் ஏப்ரன் பையிலிருந்து உங்கள் கான்ஸ்டபிள் எடுத்தாரே, அதுதான். அவர் உள்ளே போனதும் நான் அதை உருவினேன். இதில் குழப்பம் எதுவும் வேண்டாம்.

கோபம் இல்லை. என்னைக் கூப்பிட ஒருவர் இருக்கும்வரை நான் அந்த வீட்டைவிட்டுக் கிளம்ப முடியாது. கூப்பிட ஆள் இல்லாவிட்டால் முடியும். அவ்வளவு எளிய கணக்கு.

சனிக்கிழமை பஸ் வந்ததா என்றால், வந்தது. வாசலில் நின்றது. ஓட்டுநர் ஹாரன்கூட அடித்தார். நான் பெட்டியைக் கையில் எடுத்து, தொப்பியும் வைத்துக்கொண்டு நடையைக் கடந்துகொண்டிருந்தேன். அப்போது மணி ஒரு தடவை அசைந்தது. சத்தம்கூட வரவில்லை, குண்டு மட்டும் லேசாக ஆடியது.

பெட்டியைக் கீழே வைத்துவிட்டேன். தொப்பியையும் கழற்றினேன். மணி அடித்துக்கொண்டிருக்கும் வீட்டை விட்டுவிட்டு எப்படிக் கிளம்புவது, சார்ஜென்ட்? எனக்கு அப்படிப் பழக்கமில்லை.