புண்ணாக்குச் சட்டி

அலோ... அலோ... கெங்கவல்லிச் சம்மந்திங்களா? எருமப்பட்டியிலிருந்து ராமாயி பேசறனுங்க, தனப்பிரியா மாமியா... ஆமாங்க, ஆமா, எல்லாரும் சௌக்கியம். உங்க புள்ளயப் பத்தித்தான் பேசணும்...

காய்ச்சலெல்லாம் ஒண்ணுமில்லீங்க. சொல்றதக் கேளுங்க. நம்ம செம்மறிக் குட்டிங்க மெலிஞ்சு கெடந்துச்சு. மாட்டு டாக்டரு பாத்துப்போட்டு, வெறும் சோளத்தட்டப் போட்டா வயிறுதான் நெம்பும், சதை புடிக்காது, புரதம் வேணும்னுட்டாரு. கடலப்புண்ணாக்க ஊற வெச்சுக் குடுக்கறோம். கூட வேலிமசால், அகத்தித் தழை... ஆமாங்க, தாயாட்டுக்குஞ் சேத்துத்தான். அது நல்லாத் தின்னாத்தான குட்டிக்குப் பால் எறங்கும்...

இருங்க, முடிக்கல. அப்படியும் குட்டி தேறல. பெருச்சாளி வந்து திங்குதுன்னு நெனச்சேன். இன்னிக்குக் காலையில ஆட்டுப்பட்டிக்குப் போனா, உங்க புள்ள சட்டிக்குள்ள கைய உட்டுப் புண்ணாக்க அள்ளி அள்ளித் திங்கறா...

அட, அழுவாதீங்க... நான் சோறு போடாமயா வெச்சிருக்கறேன்? மூணு வேளையும் ரசஞ்சோறு, வயித்துக்கு நெம்பத்தான் போடறேன்... பருப்பா? முட்டையா? பால் குடுக்கறவளுக்கு அதெல்லாம் குடுத்தா கொழந்தைக்கு மாந்தம் வராதுங்களா?... ஆமா, ஆமா, கொழந்த எடை ஏறலீன்னு நர்சம்மா சொல்லுச்சு. அது என்ன மாட்டு டாக்டராட்டம் படிச்ச ஆளா...

சேச்சே, எம்மவன் குணசீலன் அவ மேல கை வெக்கலீங்க. உங்க மருமவன் சிரிச்சுட்டான். செல்லுல படம் புடிச்சுச் சொந்தக்காரங்க குரூப்புல போட்டுட்டான். நீங்க பாக்கலீங்களா?... பாருங்க. நான் லைன்லயே இருக்கறேன்...

பாத்தாச்சுங்களா? மோவாயெல்லாம் ஒட்டியிருக்குது பாருங்க. எங்க ஊருல இந்நேரம் பாக்காதவங்க இல்ல...

கூட்டிட்டுப் போறீங்களா? தாராளமா. இப்பவே பஸ் ஏறுங்க... இதா, எம்பக்கத்துலதான் உக்காந்திருக்கறா... அவள மட்டுந்தானுங்க. பேரன் எங்க ஊட்டுப் புள்ள, அவன் எங்க வருவான்...

பேரனோட பாலுக்கா? அதுக்கு நீங்க ஏன் கவலப்படறீங்க. வெள்ளாடு ஒண்ணு புதுசா ஈன்று நிக்குது. இன்னையிலிருந்து அதுக்கும் புண்ணாக்கு வெச்சாப் போச்சு...

அலோ... சம்மந்தி... அலோ...

ஏ புள்ள, உங்கம்மா வெச்சுட்டாங்க. கேட்டுட்டுத்தான இருந்த? கண்ணத் தொடச்சுட்டு எந்திரி. அந்தச் சட்டியக் கழுவிக் குட்டிக்குத் தீனி வை. நான் இங்கயே நிக்கறேன்.