அடைத்த கணப்பு

"ஹலோ... ஹலோ, டெனீஸா? இரு, இரு... வாசல்ல கொத்தனார் வண்டியைக் கிளப்புறாரு, ஒண்ணும் கேக்கல... ம், இப்ப சொல்லு."

மேவிஸ் போனைத் தோளில் இடுக்கியபடி, கூடத்துத் தரையில் விரித்திருந்த பழைய போர்வையைச் சுருட்டினாள். செங்கல் தூசி மூக்கில் ஏறியது. தென்கோடி டாஸ்மேனியாவில் ஜூலை என்றால் குளிர்காலம்; ஹீட்டர் ஓடியும் குளிர் காலைக் கவ்வியது. அவ்வளவாகக் குளிராத பெர்த்தில் இருக்கும் மகளுக்கு அது எங்கே தெரியப் போகிறது?

"ஆமா... ஆமா, முடிஞ்சுது. சுவத்துல கணப்பு இருந்த இடமே தெரியல. செங்கல் வச்சு அடைச்சு, பலகை அடிச்சு, பூசி, பெயிண்ட்டும் ஆச்சு... வெள்ளைதான், நீ சொன்ன அதே வெள்ளை... மாட்டலாம், மாட்டலாம், டிவியை அங்கயே மாட்டலாம்... கூடம் பெருசாத்தான் தெரியுது..."

"குரலா? குரலுக்கு ஒண்ணும் இல்லடி. தூசி."

"...என் கை ஆறிடுச்சு. கொப்புளம் காஞ்சு தோல் உரியுது... தெரியும்மா. நீ சொன்னதை நான் தப்புன்னு சொல்லவே இல்லையே! சோபா மெத்தையை விறகுன்னு உள்ள போட்டுக் கொளுத்தின மனுஷன் உங்கப்பா. நெருப்புப் பெட்டியை ஒளிச்சு வச்சா, அடுப்புலேருந்து காகிதத்துல தீ எடுத்துட்டு வர்றாரு... ஆமா, ஆமா. வீடே போயிருக்கும். அடைச்சதுதான் சரி..."

"...அப்பாவா?"

மேவிஸ் போர்வையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கிளைவ் புதுச் சுவருக்கு முன்னால் நின்றிருந்தார். கம்பளிச் சட்டையில் பட்டனை மாற்றிப் போட்டிருந்தார்.

"இங்கதான் இருக்காரு... இல்ல, சண்டை எல்லாம் போடல. போட்டிருந்தாத் தேவலையே..."

"சொல்றேன், சொல்றேன். இந்த வாரம் முழுக்க வேலை நடக்கறப்ப அவரைப் பின்னாடி ரூம்லயே வச்சிருந்தேன்ல? இன்னிக்கு மத்தியானம் எல்லாம் முடிஞ்சதும் கதவைத் திறந்துவிட்டேன். எப்பவும்போல நேரா கணப்புகிட்ட வந்து, குளிர் காயறதுக்குக் கையை நீட்டினாரு. ஈரப் பெயிண்ட்... ரெண்டு உள்ளங்கையும் வெள்ளை. கையைப் பார்த்தாரு, சுவரைப் பார்த்தாரு, அப்புறம் என்னைப் பார்த்தாரு. 'மன்னிச்சுக்குங்க, உங்க சுவரைக் கெடுத்துட்டேன்'ங்கறாரு."

"...ஆமாடி. உங்க சுவராம்."

"விளையாடறாருன்னு நினைச்சுக் கையைத் துடைச்சுவிட்டேன். டீ போட்டுக் குடுத்தேன். மரியாதையா உட்கார்ந்து குடிச்சாரு. குடிச்சிட்டு, 'டீ நல்லா இருந்துச்சுங்க, நான் கிளம்பறேன். என் பெண்டாட்டிக்குக் கணப்பு மூட்ட வராது, பாவம், குளிர்ல உட்கார்ந்திருப்பா'ன்னாரு..."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இருக்கேன்... இருக்கேன்மா, லைன்லதான் இருக்கேன். கேளு. உன்னைத் தன் தங்கச்சின்னாரு, பொறுத்துக்கிட்டோம். செத்துப்போன நாயைத் தேடினாரு, சிரிச்சுக்கிட்டோம். ஆனா வீடு எதுன்னு ஒரு நாளும் தடுமாறலையே! அந்த நெருப்புகிட்ட நின்னா, 'அப்பாடா, வந்துட்டோம்'பாரு. எதைப் பிடிச்சுக்கிட்டு நின்னாருன்னு இப்பத்தானே தெரியுது..."

"அழாதே... அழாதேங்கறேன்ல. உன்மேல ஒண்ணும் இல்ல. காசோலையில கையெழுத்துப் போட்டது நான்தானே? டாக்டரும் அடைக்கத்தான் சொன்னாரு. யாருக்குத் தெரியும்?"

"...என்னது? இடிச்சுத் திறக்கறதா?"

மேவிஸ் அந்த வெள்ளைச் சுவரைப் பார்த்தாள். நடுவில் இரண்டு கை அச்சுகள் கலைந்து கிடந்தன. ஒரு சுத்தியல் போதும். கொத்தனாரைக் கூப்பிட்டால் திரும்பி வந்துவிடுவார்.

"வேண்டாம்... வேண்டாம் டெனீஸ். திறந்தா மறுபடி கொளுத்துவாரு. ஒரு நாள் நான் குளிச்சிட்டு இருப்பேன், இல்ல தூங்கிட்டு இருப்பேன்... வேண்டாம். என்னை யாரோன்னு நினைச்சுக்கட்டும். உசுரோட இருந்து நினைக்கட்டும்."

"...ஆமா. ஆமா, அதான் முடிவு."

வாசல் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. சில்லென்று காற்று உள்ளே அடித்தது.

"கிளைவ்! எங்க போற?... இரு டெனீஸ், தொப்பியை மாட்டிக்கிட்டு வெளிய போறாரு... இல்ல, பிடிச்சு இழுத்தாப் பயந்துடுவாரு..."

தூறலில் படியிறங்கிக்கொண்டிருந்தவர், யாரோ அந்நியப் பெண் பேர் சொல்லி அதட்டியதுபோலத் திடுக்கிட்டுத் திரும்பினார். அந்த முகத்தைப் பார்த்த மேவிஸ் மறுபடி பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. கோட்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"சார்... கொஞ்சம் நில்லுங்க. படி வழுக்கும். நானும் அந்தப் பக்கம்தான் போறேன், உங்க வீடு வரைக்கும் கூட வர்றேன்... பரவாயில்லைங்க, எனக்கு ஒரு சிரமமும் இல்ல..."

"...வீட்ல யாருங்க, உங்க சம்சாரமா? அவங்க பேரு?"

பல மாதங்களாக அவர் வாயில் வராத பெயர் அது. தூறலில் நின்றுகொண்டு, தயங்காமல், கொஞ்சம் பெருமையாகக்கூடச் சொன்னார்.

"மேவிஸா?... நல்ல பேருங்க."

அவள் போனை அணைத்தாள்.