இரண்டு பக்கமும் ஒரே அளவு

ஐஸ் பெட்டி இல்லாமல் நான் வெளியே கிளம்புவதில்லை ஐயா. தாய்லாந்தில் அதிலும் நொந்தபுரி வெயிலில் ஊசி மருந்து கெட்டுவிடும். கையில் பெட்டி, தோளில் பை என்று பதினோரு வருடமாக வீடு வீடாகப் படியேறி என் முழங்கால் தேய்ந்ததுதான் மிச்சம். டாக்டருக்குப் படித்தவள் இல்லை. உதட்டுக்கு ஊசி போட்டு அழகாக்குவது, கிளினிக்கில் உதவியாளராக இருந்தபோது பார்த்துக் கற்றுக்கொண்ட வேலை.

பிம்லதாவின் மேலுதட்டில் இருந்த சின்னக் கட்டியை ஆஸ்பத்திரியில் எடுத்திருந்தார்கள். தையல் ஆறியதும் இடப்பக்கம் உள்ளே இழுத்துக்கொண்டது. என்னை வரச்சொன்னதற்கு மறுநாள் அவளுக்குக் கல்யாணம். எல்லாரும் கடைசி நேரத்தில்தான் என்னைக் கூப்பிடுவார்கள்.

"சிரிச்சா ஒரு பக்கம் கோவிச்சுக்கிட்டு நிக்குதுக்கா. பொண்ணுக்குப் பக்கவாதமான்னு மாப்பிள்ளை வீட்ல கேக்கறாங்க."

"நாளைக்கு அவங்க வாயடைச்சு நிப்பாங்க. நீ ஆடாம படு."

உதட்டை நிரப்பி மேடாக்கும் ஃபில்லர் மருந்து தழும்புக்குள் லேசில் இறங்காது. கொஞ்சம் அழுத்தினேன். உதடு மேடேறி வந்தது. போனில் படம் எடுத்துக்கொண்டேன். போனைக் கீழே வைப்பதற்குள் மூக்கோரம் வரை சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது.

மருந்து ரத்தக்குழாயை அடைத்துவிட்டது என்று உடனே தெரிந்தது. அதைக் கரைக்கும் ஊசியும் பெட்டியில்தான் இருந்தது. போட்டால் எல்லாம் கரைந்து உதடு பழையபடி கோணிக்கொள்ளும். என் கையில் அவ்வளவு சரியாக ஓர் உதடு அதுவரை அமைந்ததில்லை. எனக்கு மனசு வரவில்லை. ஐஸ் கட்டியை எடுத்து அவள் உதட்டில் வைத்தேன்.

"உயிர் போகுதுக்கா. எதுக்கு ஐஸு?"

"வீக்கத்துக்கு. ஐஸ் வெச்சா வெளுக்கும், பயப்படாதே."

வெந்நீர்த் துணிதான் வைக்க வேண்டும், அதுவும் எனக்குத் தெரியும். ஆனால் அவள் கண்ணாடி பார்ப்பதற்குள் வெளுப்புக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது.

காலையில் கூப்பிட்டாள். "நீலமா கொடி ஓடுதுக்கா. ஆஸ்பத்திரிக்குப் போகட்டுமா?"

"சங்குத் தண்ணி வாத்து ஆசீர்வாதம் பண்ற நேரம் எப்போ?"

"ஒம்பது மணி ஒம்பது நிமிஷத்துக்கு."

"நல்ல நேரத்தை விட்டுட்டு ஆஸ்பத்திரிக்கா ஓடுவே? லிப்ஸ்டிக்கை அழுத்திப் போடு, தெரியாது."

அதற்குப் பிறகும் கூப்பிட்டாள். நான் எடுக்கவில்லை. களைப்பாக இருந்தது.

ரத்தம் ஓடாமல் அழுகிப்போன உதட்டில் பாதியையும் மூக்கோரத்தையும் ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்துவிட்டார்கள் என்று இந்த ஸ்டேஷனில் நீங்கள் சொல்லித்தான் தெரியும். வருத்தம்தான். எல்லாவற்றையும் ஒத்துக்கொள்கிறேன், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு முன்னால் என் போனில் இருக்கும் அந்தப் படத்தை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள் ஐயா. இரண்டு பக்கமும் ஒரே அளவு. அதை அவளிடம் ஒருமுறை காட்டுங்கள். பார்த்தால் சந்தோஷப்படுவாள்.