அட்டைப்படத்துக்கு ஒரு முகம்

கடைத் தட்டில் தூரத்திலிருந்து முதலில் கண்ணில் படுவது மஞ்சள் நிறம்தான். சிவப்பு என்று எல்லாரும் சொல்வார்கள். சும்மா பேச்சு. சூலியா தெருவில் அரை நாள் நின்று பாருங்கள், உங்களுக்கே தெரிந்துவிடும்.

என் பெயர் அந்தோணிராஜ். பாட்டு கேசட்டுகளுக்கு அட்டைப்படம் வரைகிறவன். ஜெலுத்தோங்கில் பதினேழு மாடி ஃபிளாட்டில் கடைசி மாடியில் வீடு. என் மகள் பிலோமினா போன ஆகஸ்டில், தொண்ணூற்றிரண்டில், லிஃப்டில் மாட்டிக்கொண்டு மூச்சு முட்டி இறந்தாள். எட்டு வயது. மினா என்று கூப்பிடுவோம். இதெல்லாம் உங்கள் கோப்பிலேயே இருக்கிறது, இன்ஸ்பெக்டர் அம்மா. அதில் பொய் எதுவும் இல்லை. லிஃப்ட் ஏன் நின்றது என்று மட்டும் அன்றைக்கு யாரும் என்னிடம் கேட்கவில்லை. நீங்கள் கேட்கிறீர்கள், சொல்கிறேன். அதற்கு யோகலட்சுமியின் விளையாட்டிலிருந்து தொடங்க வேண்டும்.

யோகலட்சுமி எங்கள் கீழ்மாடியில் இருக்கிறவர். கப்பல் கம்பெனி ஆபீசில் கிளார்க். வேலை முடிந்து வந்து, தனியாளாக உட்கார்ந்து கம்ப்யூட்டர் விளையாட்டு எழுதினார். டிஸ்கெட்டில் போட்டு, பிளாஸ்டிக் உறையில் வைத்து, முன்னால் ஓர் அட்டையைச் செருகி, சூலியா தெருவில் நூர் முகம்மது கடையில் விற்கக் கொடுப்பார். முதல் விளையாட்டுக்கு அட்டை வரைந்தது நான்தான். கோட்டை, வாள், குதிரை, நிலா, எட்டுச் சிப்பாய்கள் என்று எல்லாவற்றையும் திணித்துவிட்டேன். ஒன்றுகூட விற்கவில்லை.

நூர் முகம்மது என்னை ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினார். "இங்கேர்ந்து பாருங்கண்ணே. உங்க அட்டையில என்னா தெரியுது?"

"ஒண்ணும் தெரியலை."

"அதான்லா. ஆளுங்க நடந்துக்கிட்டே பாக்குறாங்க. நின்னு பாக்க அவங்களுக்கு என்னா வேண்டுதலா? கையில எடுத்தாத்தான் வாங்குவாங்க. எடுக்கவே மாட்டேங்குறாங்களே."

அவர் சொன்னது நியாயம். அட்டை என்பது படம் இல்லை, கூப்பிடுகிற குரல். ஒரே ஒரு பொருள் இருக்க வேண்டும், அது பெரிதாக இருக்க வேண்டும். பெயர் மேலே, பின்னணி வெறுமை. மனிதர்கள் எதைப் பார்த்தாலும் முதலில் முகத்தைத் தேடுவார்கள், முகத்தில் கண்ணை. அந்தக் கண் எதையாவது பார்த்துப் பயந்திருந்தால், என்னவென்று தெரிந்துகொள்ளாமல் நகர மாட்டார்கள். இது என் சொந்தக் கண்டுபிடிப்பு.

இரண்டாவது விளையாட்டு நின்றுபோன லிஃப்டில் அகப்பட்ட ஒரு சிறுமியைப் பற்றியது. ஆடுகிறவர் மாடி மாடியாகச் சாவி தேடிப் போய் அவளை மீட்க வேண்டும். எங்கள் ஃபிளாட் லிஃப்ட் வாரம் ஒரு தடவை நிற்கும், அதை வைத்துத்தான் எழுதினார். "இதுவும் போகலைன்னா கம்ப்யூட்டரை வித்துட்டுப் பேசாம இருந்துருவேன், அண்ணே," என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார். அவர் முதல் உழைப்பைக் கெடுத்தவன் நான். எனக்கு வெட்கமாக இருந்தது, இன்னொரு முறை கெடுக்கக் கூடாது என்று முடிவு செய்தேன்.

எங்கள் தொழிலில் முகத்தை மனத்திலிருந்து வரைய மாட்டோம். போட்டோ எடுத்து வைத்துக்கொண்டுதான் வரைவோம். மினாவை நாற்காலியில் உட்கார வைத்தேன்.

"பயந்த மாதிரி பாரும்மா."

வாயைப் பிளந்து, கண்ணை உருட்டி, அடுத்த நொடியே சிரித்துவிட்டாள். "அப்பா, நீங்க கேமராவுக்குப் பின்னால மூஞ்சிய அஷ்டகோணலா வச்சிக்கிட்டு இருக்கீங்கப்பா. எப்படிப் பயப்படுறது?"

இரண்டு ஃபிலிம் சுருள் வீணாயின. நடித்த பயம் புருவத்தோடு நின்றுவிடும், கண்ணுக்கு இறங்காது. வீட்டில் எல்லாருக்கும் செல்லம் அவள். மழையில் நனைந்தால் இழுப்பு வரும் என்று குடை இல்லாமல் பள்ளிக்கு அனுப்பியதில்லை. நானே தோளில் தூக்கிக்கொண்டு மார்க்கெட் முழுக்கச் சுற்றியிருக்கிறேன். என்னைவிட அவளை நேசித்தவர் யாரும் இல்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

லிஃப்ட் மோட்டார் அறை எங்கள் வீட்டுக்கு மேலே, மொட்டை மாடியில். லிஃப்ட் நிற்கும்போதெல்லாம் பழுது பார்க்கிற ஆள் வரும்வரை யாரும் காத்திருக்க முடியாது என்று, குடியிருப்போர் சங்கத்தில் அந்த அறைச் சாவியையும் கதவு திறக்கிற சாவியையும் என்னிடம் கொடுத்து வைத்திருந்தார்கள். எத்தனையோ பேரை நான் வெளியே எடுத்துவிட்டிருக்கிறேன். மினாவுக்கு அது பெருமை. "எங்கப்பா வந்து தொறந்துருவாரு" என்று பள்ளியில் சொல்லிக்கொள்வாளாம்.

அன்று மத்தியானம். என் மனைவி தெரேசா ஃபேக்டரியில் ஷிஃப்டில் இருந்தாள். "கீழே போயி ஐஸ் கச்சாங் சாப்பிடலாம் வா. நீ லிஃப்டுல நில்லு, ஒண்ணும் அமுக்காதே, அப்பா வீட்டைப் பூட்டிட்டு வர்றேன்," என்றேன். சரி என்று ஓடினாள். கதவு தானாக மூடியது. நான் மேலே போய் மின்சாரத்தை நிறுத்தினேன். லிஃப்டுக்குள் இருக்கிற விளக்கும் காற்று விடுகிற காற்றாடியும் அதோடு நின்றுவிடும். அது எனக்குத் தெரியும். இறங்கி வந்து கதவுக்கு எதிரில் கேமராவைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றேன்.

ஐந்து நிமிஷம் என்றுதான் நினைத்திருந்தேன். அதற்கு மேல் கொஞ்சம் ஆயிற்று. முதலில் "அப்பா, கரண்டு போச்சு" என்று சாதாரணமாகக் கூப்பிட்டாள். பிறகு கதவைத் தட்டினாள். பிறகு இருமல் கேட்டது. அவளுக்கு அழுதால் இருமல் வரும், நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வெளிச்சத்துக்கு ஏற்ப லென்ஸைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

கதவைத் திறந்தபோது அந்த முகம் இருந்தது. நான் வரைய முடியாத முகம். தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்திருந்தாள், மூச்சு சத்தமாக வந்தது. ஆறு படம் எடுத்தேன். அதற்கு எவ்வளவு நேரம் ஆகும், சொல்லுங்கள். அப்புறம்தான் தூக்கினேன். பக்கத்து வீட்டுக் கந்தப்பு அண்ணன் எங்களைத் தன் காடியில் ஏற்றி, ஹாரன் அடித்துக்கொண்டே பறந்தார். ஆஸ்பத்திரி வாசலை எட்டுவதற்குள் என் மடியில் அவள் மூச்சு நின்றுவிட்டது. நான் கத்தினேன், என்ன கத்தினேன் என்று தெரியாது. இன்றுவரை அந்தப் பக்கமாகப் போகும் பஸ்ஸில் ஏறுவதில்லை.

லிஃப்ட் நின்றுவிட்டது என்று சொன்னேன். வாரா வாரம் நிற்கிற லிஃப்ட், யார் சந்தேகப்படுவார்கள்? நானே போராடி வெளியே எடுத்தேன் என்று கந்தப்பு அண்ணன் எல்லாரிடமும் சொல்லி அழுதார்.

அட்டையை வேண்டாம் என்று யோகலட்சுமி சொன்னார். "இந்த நேரத்துல இது எதுக்கு அண்ணே? விளையாட்டையே தூக்கிப் போட்டுருவோம்." நான் கேட்கவில்லை. அடக்கம் முடிந்து ஒன்பதாம் நாள் வரைந்து முடித்தேன். மூக்கையும் முடியையும் மாற்றிவிட்டேன், கண்ணை மாற்றவில்லை. கறுப்புப் பின்னணி, நடுவில் மஞ்சள் வெளிச்சக் கீற்று, அதில் ஒரே முகம். நூர் முகம்மது எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தார். முன் வரிசையில் வைத்தார். ஆட்கள் நின்றார்கள், கையில் எடுத்தார்கள். மினா வீணாகப் போகவில்லை என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

முதலாம் ஆண்டு பூசைக்கு நினைவு அட்டை அடிக்க வேண்டும், கோயிலில் எல்லாருக்கும் கொடுப்பது வழக்கம். தெரேசா கடைசியாக எடுத்த படம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். அந்தச் சுருளில் ஒரு படம் ரொம்ப நன்றாக இருந்தது. அதைவிட நல்ல படம் மினாவுக்கு அமைந்ததில்லை. அட்டை வடிவமைக்கிறவனுக்கு நல்ல படத்தை ஒதுக்கி வைக்க மனம் வராது. கொடுத்துவிட்டேன்.

தெரேசா அதை வெளிச்சத்தில் பிடித்து வெகு நேரம் பார்த்தாள். "இது எப்ப எடுத்தது?"

"முன்னாடி எப்பவோ."

"இந்தக் கவுனை அன்னைக்குக் காலையிலதாங்க தைச்சு முடிச்சேன். முதல் தடவையா போட்டது அன்னைக்குத்தான்." அப்புறம் படத்தில் மினாவுக்குப் பின்னால் இருந்த லிஃப்டின் இரும்புச் சுவரில் விரலை வைத்தாள். "எம் புள்ளைய என்னா செஞ்சீங்க?"

அதற்குப் பதில் சொல்லத்தான் இங்கே வந்திருக்கிறோம். அவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். மின்சாரத்தை நிறுத்தியதை அவளிடம் சொல்லிவிட்டேன். படம் எடுத்ததையும் சொல்லிவிட்டேன். இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டாம்.

கதவை நான் இரண்டு தடவை திறந்தேன். அந்த நல்ல படம் முதல் தடவை எடுத்தது. ஐந்து நிமிஷம்தான் ஆகியிருந்தது, கன்னத்தில் ஈரம் இருந்தது, ஆனால் நன்றாகத்தான் இருந்தாள். வெளியே நிற்பது நான்தான் என்று தெரிந்ததும் மினா இரண்டு கையையும் என் பக்கம் நீட்டிச் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு அட்டைக்கு உதவாது. அதனால் மறுபடியும் கதவைச் சாத்தினேன்.