சிவப்பு ஜாக்கி

“வீணா, உனக்கு நிஜமாவே வாய் இருக்கா, இல்ல ஸ்டிக்கரா?” என்று அத்தான் ஒருமுறை கேட்டார். வீட்டுக்கு வந்திருந்த ஆபீஸ் நண்பர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல கேள்விதான்.

ரகுராம் அத்தானுக்கு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. சௌம்யா அக்காவும் வேலைக்குப் போனதால் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டது. ஒன்பதாம் வகுப்போடு என்னை நிறுத்தி, காக்ஸ் டவுனில் இருந்த தங்கள் வீட்டுக்கு அழைத்துவந்தார். “இவ படிச்சு யாருக்கு லெக்சர் குடுக்கப் போறா?” என்றார்.

அவர் ஒரு பழைய ஃபியட் வாங்கினார். மெக்கானிக் எல்லோரும் திருடர்கள் என்பது அவர் கொள்கை. தானே ரிப்பேர் செய்ய, காரைத் தூக்கும் ட்ராலி ஜாக்கி வாங்க வேண்டும் என்று பழைய உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜே.சி. ரோட்டுக்கு என்னையும் கூட்டிப்போனார். தூக்கிவர ஆள் வேண்டுமே.

கடைக்காரரிடம் பழைய ஜாக்கிகள் இரண்டு இருந்தன. ஒன்று கறுப்பு. இன்னொன்று புதிதாகச் சிவப்பு அடித்தது. தன் வேனுக்கு அடியில் பக்கத்துக்கு ஒன்றாக அவற்றை நிறுத்தித் தூக்கினார்.

“டீ குடிச்சுட்டு வாங்க சார். அதுவரைக்கும் எறங்காம நின்னா அதுதான் ஜாக்கி. வண்டிக்கு அடியில முட்டுக்கொடுக்க ரெண்டு ஸ்டாண்டும் வாங்கிக்கங்க. ஜாக்கி தூக்கறதுக்குத்தான், தாங்கறதுக்கு இல்ல.”

“அப்புறம் ஜாக்கி எதுக்குய்யா?” என்று சிரித்துவிட்டு அத்தான் டீக்குப் போனார். “நீ பார்த்துக்க. பேசற வேலை இல்ல, பயப்படாத.”

கடைக்காரர் வேறு வாடிக்கையாளரிடம் போனார். நான் பார்த்துக்கொண்டேன். கறுப்பு அசையவில்லை. சிவப்பு எண்ணெய் கசிந்து ஒரு விரல் அளவு இறங்கியது.

“எது?” என்றார் அத்தான், திரும்பி வந்து. அவர் என்னிடம் கருத்துக் கேட்டது அதுதான் முதல்முறை. சிவப்பைக் காட்டினேன்.

“பார்த்தியா, எனக்கும் அதேதான் தோணுச்சு.”

ஆயுத பூஜையன்று ஜாக்கிக்குச் சந்தனம் பூசி, காரைத் தூக்கும் அதன் இரும்புக் கையில் குங்குமப் பொட்டு வைத்தார். காரின் நான்கு சக்கரங்களுக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார். பாதுகாப்பு விஷயத்தில் அவர் குறை வைத்ததில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சைலன்சரைச் சரிசெய்ய, ஜாக்கியால் காரைத் தூக்கிவிட்டு அடியில் படுத்தார். டார்ச் என் கையில். ஜாக்கியின் பொட்டு, பின்னாலிருந்த தூணின் சுண்ணாம்புக் கோட்டுக்கு மேலே தெரிந்தது. பிறகு கோட்டுக்கு நேராக வந்தது. பிறகு கீழே.

“லைட்டை ஒழுங்கா காட்டு. வாய் இல்லேன்னாலும் கை இருக்குல்ல?”

ஒழுங்காகக் காட்டினேன், கடைசிவரை.

போலீஸ்காரர் விபத்து என்று எழுதிக்கொண்டார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், நான் பொய் பேசுகிறவள் இல்லை.

காரியம் முடிந்த மறுநாள் அக்காதான் கேட்டாள். “நீ பக்கத்துலதானேடி இருந்த? எறங்கறது உனக்குத் தெரியலையா?”

“தெரிஞ்சுதுக்கா. கடையிலேயே தெரியும்.”

குழந்தைக்குப் பசி நேரம், அதனால்தான் இருக்கும். என் இடுப்பிலிருந்து அவனைப் பிடுங்கிக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் அக்கா வெளியே போனாள்.