சிறகரசனின் தீவிர வாசகி

சர்க்கரை இல்லாத டீ போதும், சார். ஆஸ்பத்திரி மருந்தகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எனக்கிருந்த ஒரே கெட்ட பழக்கம், கைப்பேசியில் தொடர்கதை படிப்பதுதான்.

மலையுச்சியில் கோட்டை கட்டி வாழும் ஒரு சிறகரசன். அவனைக் கொல்ல வந்த இளவரசி அவன் இறக்கைக்குள்ளேயே மாட்டிக்கொள்கிறாள். ஓர் அத்தியாயத்தில் அவளுடைய கவசத்தின் வார்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தான் பாருங்கள், என் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டது. கைப்பேசி மேல் முட்டை பொரித்திருக்கலாம்.

அடுத்த வாரம் அவனுடைய இடது தோளில் பிறை போல ஒரு தழும்பு வந்தது. அந்தத் தழும்பு எனக்குத் தெரியும். என் மகன் சின்ன வயதில் சூடான இஸ்திரிப் பெட்டி மேல் விழுந்து வாங்கியது.

அடுப்படியில் நின்ற மருமகளை எட்டிப் பார்த்தேன். எழுதுவது இவள்தானா, அமுக்குணி. நானும் வாயைத் திறக்கவில்லை.

மகன் தொலைதூர லாரி ஓட்டினான். அவன் இல்லாத வாரங்களில் மருமகள் ஏங்கினாள். கதை பற்றி எரிந்தது. அவன் வந்துவிட்டால் சிறகரசன் பரணேறி ஒட்டடை அடித்தான். உலகத்து வாசகிகள் மொத்தப் பேரும் கொட்டாவி விட்டோம்.

அதனால் அவன் வீட்டிலிருக்கும் நாட்களில், சாயங்கால டீயில் என் தூக்க மாத்திரையில் பாதியைப் பொடித்துக் கலந்தேன். சாப்பாட்டுக்கு முன்பே சாய்ந்துவிடுவான்.

"அத்தை, அவருக்கு என்னைப் பிடிக்காமப் போச்சு போல" என்று ஒருநாள் கண் கலங்கினாள்.

"ரோட்டுல அலைஞ்சு ஓய்ஞ்சு வர்றவன்மா. விடு."

அந்த வார அத்தியாயத்தில், உறங்கும் அரசனின் இறகுகளை இளவரசி விரல் நுனியால் வருடிக்கொண்டே இருந்தாள். வேறொன்றும் நடக்கவில்லை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

போன மாதம் மகன் சிரித்துக்கொண்டே வந்தான். "அம்மா, லாரிக்குப் பெரிய கும்பிடு. நாளைக்குக் காலையில வண்டிய ஒப்படைச்சிட்டு வந்துடறேன். இனிமே உள்ளூர் வேலைதான். உன் மருமக என்னை விரட்டினாலும் போகமாட்டேன்." அவன் பின்னால் நின்ற அவள் முகத்தைப் பார்த்தேன். அவ்வளவு நிறைவு. கதை அன்றோடு செத்தது என்று புரிந்தது.

மறுநாள் காலை டீயில் இரண்டு முழு மாத்திரை போட்டேன். 'இதைச் சாப்பிட்டு வண்டி ஓட்டக் கூடாது' என்று எத்தனையோ பேருக்கு மருந்து உறையில் என் கைப்பட எழுதிக் கொடுத்திருக்கிறேன். அன்று அவனிடம் சொல்லவில்லை. வாசலில் நின்று கையாட்டினேன். பாலத்து வளைவில் லாரி திரும்பவில்லை.

ஆமாம் சார், நான்தான் செய்தேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் மருமகளையும் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லுங்கள். அன்றிலிருந்து ஒரு வரி எழுதாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். ஒருவருக்காகக் காத்திருப்பது எவ்வளவு கொடுமை என்று அவளுக்கு எங்கே தெரியப்போகிறது.