பதினொரு வெள்ளி டாலர்கள்

உங்கள் விரலில் கிடக்கும் வெள்ளி மோதிரம் கறுத்திருக்கிறது, மேடம். வீட்டுக்குப் போய்ப் பல்பொடி போட்டுத் தேய்க்காதீர்கள். எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள், அதனால்தான் கீறல் விழுகிறது. சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துப் பழைய பருத்தித் துணியால் துடைத்தால் போதும். ஸ்டேஷனுக்குள் வந்ததிலிருந்து என் கண் அதிலேயே போய் நிற்கிறது, அதனால் சொன்னேன். நீங்கள் தாளும் பேனாவும் கொடுத்து உட்கார்ந்து எழுதச் சொன்னீர்கள். எழுதுவது கஷ்டமில்லை, உட்கார்வதுதான் கஷ்டம். நடுவில் நாலு தடவை எழுந்து நடந்தால் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

என் பெயர் ரெனி. வயது நாற்பத்தொன்று. அமிர்தி போகிற ரோட்டில், மலை ஏறத் தொடங்கும் இடத்தில் தனியாக இருக்கிறேன். முன் அறைதான் பட்டறை. நினைவுக்கு வைத்துக்கொள்ளும் வெள்ளிச் சாமான்கள் செய்கிறேன்: குழந்தையின் முதல் முடி வைத்த தாயத்து, கல்யாணத் தேதி போட்ட மோதிரம், பெரியவர்களின் பெருவிரல் ரேகை பதித்த டாலர். எல்லாம் கைவேலை. போனில் படம் போட்டால் பெங்களூரிலிருந்துகூட ஆர்டர் வருகிறது. கைக்கு வேலை இருக்கிறவரை நான் நன்றாக இருப்பேன். வேலை முடிந்த அன்று வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடப்பேன்.

என்னைப் புரிந்துகொள்ள நீங்கள் சிவசங்கரியைத் தெரிந்துகொள்ள வேண்டும். கணியம்பாடிப் பெண். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு ஒரு குழந்தை பத்தாம் தேதி பிறந்து பதினொன்றாம் தேதி போய்விட்டது. இரண்டு தேதியும் போட்டு ஒரு டாலர் கேட்டாள். எண் அச்சை வெள்ளித் தகட்டின் மேல் வைத்துச் சுத்தியால் ஒரே போடாகப் போட வேண்டும், அடித்தால் அடித்ததுதான். எனக்குக் கை தவறி, பதினொன்றுக்குப் பதில் பன்னிரண்டு விழுந்துவிட்டது. கவனிக்காமல் அனுப்பிவிட்டேன். அவளே பஸ் ஏறி வந்து அதை என் மேசையில் வைத்தாள். சண்டை போடவில்லை. "எம் புள்ள ஒரு நாள்தான்க்கா இருந்துச்சு. நீங்க ரெண்டு நாள்னு போட்டுகீறீங்க. அந்த ஒரு நாளு எங்கக்கா போச்சு?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு என் கையிலிருந்து போன எதிலும் தேதி தவறியது கிடையாது. "ரெனி அக்கா வேலையில தேதி தப்பாது" என்று ஆட்கள் சொல்லும்போது எனக்கு இருக்கும் சந்தோஷம் வேறு எதிலும் கிடையாது. இதை வெட்கமில்லாமல் ஒப்புக்கொள்கிறேன்.

ஜெபதுரை ஐயா எங்கள் சர்ச்சுக்காரர், ரிட்டயரான வாத்தியார், எண்பத்திரண்டு வயது. நுரையீரல் கெட்டுப் போய், வாடகைக்கு எடுத்த ஆக்ஸிஜன் மெஷினை வைத்து வீட்டிலேயே படுத்திருந்தார். மே மாதம் அவர் மகன் ஆபேல் என்னைக் கூப்பிட்டு, பிள்ளைகள் பேரப்பிள்ளைகள் பதினொரு பேருக்கும் அப்பாவின் ரேகையோடு ஒவ்வொரு டாலர் வேண்டும், அடக்கத்தன்று எல்லோரும் கழுத்தில் போட்டுக்கொள்ள வேண்டும் என்றார். மெழுகில்தான் ரேகை எடுப்பேன். வெள்ளியை வார்க்கும்போது மெழுகு உருகிவிடும், அதனால் டாலருக்கு ஒரு பதிவு வேண்டும். பதினொரு தடவை ஐயாவின் பெருவிரலைப் பிடித்து அழுத்தினேன். "இன்னாம்மா, கட்டைவெரல அழுத்தி அழுத்திச் சொத்து எழுதி வாங்கறியா?" என்று கிண்டல் செய்தார். எனக்கு அவரைப் பிடிக்கும். அதையும் எழுதிவிடுகிறேன்.

டாலர்களை முடித்து, பின்பக்கத்தைத் தேதிக்காக வெறுமையாக விட்டு வைத்திருந்தேன்.

ஜூன் பதினான்காம் தேதி காலை ஆறு மணிக்கு ஆபேல் போன் செய்தார். "அப்பா பூட்டாருக்கா" என்றார். மூச்சு நின்றுவிட்டதாம், மெடிக்கல் ஷாப்காரர் வந்து நாடி பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிவிட்டாராம், மெஷினை நிறுத்திவிட்டார்களாம். அடக்கம் மறுநாள் என்றும், டாலர்களை வாங்கிப்போகப் பதினொரு மணிக்கு ஆள் வரும் என்றும் சொன்னார். நான் உடனே அச்சை எடுத்தேன். பதினொரு டாலரிலும் 14.06 என்று அடித்தேன். ஒன்றுகூடக் கோணவில்லை. இவ்வளவு நேர்த்தியாக என் வாழ்நாளில் அடித்ததில்லை. ஆள் வந்தார், பெட்டியைக் கொடுத்து அனுப்பினேன்.

பன்னிரண்டு மணிக்கு ஆபேலின் மனைவி சாந்தாமேரி கூப்பிட்டாள். "அக்கா, மாமா முழிச்சிக்கினாரு. ஒடம்பு கழுவத் தண்ணி ஊத்துனாங்க, இருமினாரு. இப்போ டீ கேக்கறாருக்கா." சிரித்துக்கொண்டே அழுதாள். கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்றேன். வாய் தானாகச் சொல்லியது.

அதற்கப்புறம் என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. சோற்றைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் மூடி வைத்தேன். துடைத்த மேசையைத் திரும்பத் துடைத்தேன். வாசலுக்கும் அடுப்படிக்கும் எத்தனை தடவை நடந்தேனோ தெரியாது. நீங்கள் கேட்டதையே நானும் என்னைக் கேட்டுக்கொண்டேன்: உருக்கிவிட்டு வேறு செய்தால் என்ன? செய்யலாம். தகட்டைத் தேய்த்தால் மெலிந்து ரேகை குலையும், ஆனால் உருக்கி வார்க்கலாம், பெருவிரலும் இன்னும் இருக்கிறது. இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் டாலர் என் கையை விட்டுப் போய்விட்டது. ஆபேலின் பெண் அதைப் போட்டுப் படம் எடுத்து உறவுக்காரர்களுக்கெல்லாம் அனுப்பியும் விட்டாள். என் வேலை, என் பெயர், பின்பக்கம் ஒரு பொய்த் தேதி. மணியைப் பார்த்தேன், இரண்டு. அந்தத் தேதி முடிய இன்னும் நேரம் இருக்கிறது என்று தோன்றியது. அப்படித் தோன்றியபோது எனக்குப் பயம் வரவில்லை, கொஞ்சம் நிம்மதிதான் வந்தது. பெட்டியைத் திரும்ப வாங்கி வரப்போகிறோம் என்று சொல்லிக்கொண்டு கிளம்பினேன். பஸ்ஸுக்கு நிற்கப் பொறுமையில்லாமல் மூன்று கிலோமீட்டரும் நடந்தே போனேன்.

அவர்கள் ஊர் பஸ் ஸ்டாப்பில் இரண்டு பேர் சிரித்துக்கொண்டே கண்ணீர் அஞ்சலி பேனரை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். வீட்டு வாசலில் பந்தல் போட வந்தவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, மெஷினை நிறுத்தாமல் ஓட்டுங்கள், தாக்குப்பிடிப்பார் என்று சொல்லிப் போயிருந்தார். ஆபேல் பெட்டியை என் கையில் திணித்தார். "உருக்கிடுங்கக்கா. இன்னும் பத்து வருசம் கழிச்சுப் புதுசா அடிச்சிக்கலாம்." எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அது ரொம்ப வலித்தது. சந்தோஷத்தில் சொன்னதுதான், கெட்ட எண்ணம் இல்லை, இருந்தாலும் வலித்தது.

தன் பெரிய அக்காவை பஸ்ஸிலிருந்து கூட்டிவர ஆபேல் போய்விட்டார். சாந்தாமேரி, "மாமாவக் கொஞ்ச நேரம் பாத்துக்கோக்கா, கஞ்சி வச்சினு வர்றேன்" என்று அடுப்படிக்குப் போனாள். நானும் ஐயாவும் மட்டும் இருந்தோம். மூக்கில் குழாயோடு தலையணைமேல் சாய்ந்திருந்தார்.

"வெரல வாங்கினு போனியே, காட்டு" என்றார். ஒரு டாலரை எடுத்துக் கொடுத்தேன். ரேகையைத் தடவிப் பார்த்தார். திருப்பிக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்தார்.

"இன்னிக்குத் தேதியா?"

"ஆமாங்க ஐயா."

"அப்ப நாந்தான் லேட்டு" என்றார். அவருக்குச் சிரிப்பு வந்தது, கூடவே இருமலும் வந்தது. "வாத்தியார் லேட்டா வரக்கூடாதும்மா."

மெஷினை அணைத்தால் சத்தம் நின்று அடுப்படியில் தெரிந்துவிடும். அதனால் அதை ஓடவிட்டு, குழாயை மட்டும் கழற்றினேன். அப்போது மணி மூன்று நாற்பது. காலையில் அவர் மகனே அந்த மெஷினை நிறுத்தியிருந்தார், அவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நானும் அதே நாளில் அதே காரியத்தைத்தான் செய்தேன், கொஞ்சம் ஒழுங்காக. ஐயா, "மூச்சு முட்டுதும்மா" என்றார். "கொஞ்சம் பொறுத்துக்கோங்க ஐயா" என்றேன். குழாயைத் தேடிக் கையை நீட்டினார், அந்தக் கையைப் பிடித்து மடிமேல் வைத்துக்கொண்டேன். பெருவிரலில் இன்னும் கொஞ்சம் மெழுகு வாசனை இருந்ததுபோல் இருந்தது, அது என் நினைப்பாகவும் இருக்கலாம். மூன்று ஐம்பத்தைந்துக்கு நெஞ்சு அசைவது நின்றது. ஐந்து நிமிஷம் எண்ணிவிட்டுக் குழாயை மாட்டினேன். பிறகு சாந்தாமேரியைக் கூப்பிட்டேன். அந்த நாள் முழுவதும் முதல்முறையாக என் கால்கள் சும்மா இருந்தன.

அவர்கள் இந்தத் தடவை மெடிக்கல் ஷாப்காரரை நம்பவில்லை. ஆம்புலன்ஸில் வேலூருக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு நாள் கழித்து, அடக்கமெல்லாம் முடிந்து, ஆபேல் என் வீட்டுக்கு வந்தார். கடைசியில் பக்கத்தில் இருந்தீர்களே என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். டாலர்களைப் பற்றியும் பேசினார். ஆஸ்பத்திரியில் நெஞ்சை அழுத்தித் துடிப்பைத் திரும்ப வரவைத்தார்களாம், பெரிய மெஷினில் வைத்தார்களாம், நள்ளிரவு தாண்டி இருபது நிமிஷத்தில் போனாராம். சர்டிபிகேட்டில் பதினைந்து என்று இருந்தது. "நாலை அஞ்சாக்கறது கஷ்டமாக்கா?" என்று கேட்டார். முடியாது என்று சொல்லிவிட்டேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை, பாவம், நல்ல மனுஷன்.

என்மேல் யாருக்கும் சந்தேகம் கிடையாது. யாரும் என்னைப் பிடித்துவரவில்லை, நானேதான் வந்தேன் என்பதை உங்கள் எஃப்.ஐ.ஆரில் முதல் வரியாகவே நீங்கள் எழுதிக்கொள்ளலாம். ஜெபதுரை ஐயாவைக் கொன்றது நான். தெரிந்து, நேரம் பார்த்து, என் கையால் செய்தேன். மூச்சு என் எதிரில்தான் நின்றது, பதினான்காம் தேதி, பிற்பகல் மூன்று ஐம்பத்தைந்துக்கு. அதற்கப்புறம் ஆஸ்பத்திரிக்காரர்கள் ஓட்டியது மெஷினின் நேரம், அதை அவருடைய ஆயுசில் சேர்ப்பது நியாயமில்லை. எந்தத் தண்டனை கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறேன், வக்கீல்கூட வேண்டாம். இந்த வாக்குமூலத்தை வைத்து அந்தச் சர்டிபிகேட்டை மட்டும் திருத்த ஏற்பாடு செய்யுங்கள், மேடம். டாலர்களில் பிழை எதுவும் இல்லை.